பந்தை உதைப்பவன் ஒருவன், பலனை உண்பவன் ஒருவன்!

காரைக்குடியில் நமது சங்க அலுவலகத்துக்குப் போன மாதம் ஒரு தாய் வந்தார். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று கண்மாய்த் தண்ணீரை நம்பிப் பிழைக்கும் விவசாயத் தொழிலாளி. அவருடைய மகன் நல்ல கால்பந்து ஆட்டக்காரன். திறமையைப் பார்த்து ஒரு தனியார் கல்லூரி அவனைக் கூப்பிட்டுச் சேர்த்துக் கொண்டது. படிப்புக் கட்டணம் வேண்டாம், ஹாஸ்டலில் சாப்பாடு இலவசம் என்றார்கள். இரண்டு வருஷம் பையன் கல்லூரிக்காக ஓடினான். கோப்பை வாங்கிக் கொடுத்தான். கோப்பையோடு அவன் நிற்கும் படம் கல்லூரியின் விளம்பரத் தட்டியில் ஏறியது. மூன்றாம் வருஷம் ஒரு பந்தயத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆஸ்பத்திரிச் செலவைக் கல்லூரி ஏற்கவில்லை. விளையாடாதவனுக்குச் சலுகை இல்லை என்று கட்டணச் சீட்டையும் அனுப்பி வைத்தது. தாயின் காதுத் தோடு இப்போது அடகுக் கடையில் இருக்கிறது.

நியாயம் கேட்கப் போனவருக்கு நிர்வாகம் சொன்ன பதில்: "உங்கள் மகன் எங்கள் வேலையாள் அல்லவே, அம்மா! ஆசைக்கு விளையாடினான், அடிபட்டுவிட்டது."

அந்தத் தாய் நம்மிடம் கேட்டார்: "செயிச்சா அவுக பிள்ளை. கால் போனா மட்டும் எம் பிள்ளையா, தோழர்?"

இது ஏதோ ஒரு வீட்டுச் சங்கடம் என்று தள்ளிவிடக் கூடாது. நூற்றைம்பது வருஷமாக உலகத்தின் பெரிய பெரிய மைதானங்களிலும் கோர்ட்டுகளிலும் நடந்து வரும் வழக்கு இதுதான். விளையாட்டில் உழைப்பவன் உழைப்பாளியா, இல்லையா? மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் இந்த வழக்கின் கதையைத் தெரிந்து கொள்வது அவசியம். ஏனென்றால், இதில் நமக்கும் பங்கு உண்டு.

ஒரு வார்த்தை பிறந்த கதை

காசுக்காக அல்ல, ஆசைக்காக விளையாடுபவனுக்கு 'அமெச்சூர்' என்று பெயர். கேட்க நல்ல வார்த்தைதான். ஆனால் இதைச் சட்டமாக எழுதியபோது கனவான்கள் என்ன எழுதினார்கள் தெரியுமா?

இங்கிலாந்தில் தேம்ஸ் நதியில் ஹென்லி என்ற இடத்தில் வருஷந்தோறும் பெரிய படகுப் பந்தயம் நடக்கிறது. அதற்கு 1879-ம் ஆண்டில் எழுதிய விதி, கூலிக்கு வேலை செய்யும் இயந்திரத் தொழிலாளி, கைத்தொழிலாளி, கூலியாள் எவரும் அமெச்சூர் ஆகமாட்டார் என்று கூறியது. அவர் படகு விட்டுக் காசு வாங்கினாரா என்ற கேள்வியே இல்லை. கையால் உழைத்துப் பிழைக்கிறார் என்பதே குற்றம்! பாட்டன் சொத்தில் சாப்பிடுகிறவன் அமெச்சூர்; தன் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறவன் அமெச்சூர் அல்ல.

1920-ம் ஆண்டில் அமெரிக்கப் படகு வீரர் ஜான் கெல்லி ஹென்லிக்கு விண்ணப்பித்தார். நிராகரித்தார்கள். அவர் கொத்தனார் வேலை பார்த்தவர் என்பதும் நிராகரிப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதே ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் வீரரைத் தோற்கடித்துக் கெல்லி தங்கப் பதக்கம் வாங்கினார். தொழிலாளியைத் தள்ளி வைக்கும் அந்த விதி 1937-ல்தான் ஹென்லியை விட்டு நீங்கியது.

பஞ்சாலைத் தொழிலாளி வாங்கிய கோப்பை

படகில் நடந்ததே பந்திலும் நடந்தது. 1883 மார்ச் 31 அன்று லண்டனில் இங்கிலாந்துக் கோப்பையின் இறுதிப் பந்தயம். ஒரு பக்கம் பிரபு வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் கல்லூரியின் பழைய மாணவர்கள். மறு பக்கம் பஞ்சாலை நகரமான பிளாக்பர்னிலிருந்து வந்த 'ஒலிம்பிக்' என்ற அணி. அதில் நெசவாளிகள் இருந்தார்கள், நூற்பாலைத் தொழிலாளி இருந்தார், இரும்புப் பட்டறைத் தொழிலாளி இருந்தார், குழாய் வேலை செய்பவர் இருந்தார். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தொழிலாளிகள் ஜெயித்தார்கள்!

கனவான்களுக்குப் பொறுக்கவில்லை. உடனே புகார் கிளம்பியது. பந்தயத்துக்கு முன்னால் இந்த ஆட்டக்காரர்கள் கடற்கரை ஊரான பிளாக்பூலில் தங்கிப் பயிற்சி செய்தார்களாம். அந்தச் செலவை ஒரு பட்டறை முதலாளி கொடுத்தாராம். வேலைக்குப் போகாமல் பயிற்சி செய்ய இவர்களுக்குக் காசு ஏது என்று கேட்டார்கள். ஈட்டன் பிள்ளைகள் வேலைக்கே போகாமல் வருஷம் முழுதும் பயிற்சி செய்தார்களே, அந்தக் காசு ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை!

மறு ஆண்டு, 1884-ல், இன்னொரு பஞ்சாலை நகரமான பிரெஸ்டனின் அணி மீது புகார் வந்தது. ஆட்டக்காரர்களுக்கு ஊரில் வேலை தேடிக் கொடுத்ததை அணியின் நிர்வாகி ஒப்புக்கொண்டார். அணியைக் கோப்பையிலிருந்து நீக்கினார்கள். ஆனால் வட இங்கிலாந்தின் அணிகள் பணியவில்லை. சங்கத்தையே உடைப்போம் என்று நின்றார்கள். 1885 ஜூலையில், ஆட்டக்காரன் கூலி வாங்கலாம் என்று சங்கம் விதியை மாற்றியது.

கையாலும் பந்தை ஏந்தி ஆடும் ரக்பியில் சண்டை இன்னும் கடுமையாக இருந்தது. சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் சுரங்கத்திலும் ஆலையிலும் அன்றையக் கூலி வெட்டு. வெட்டுப்பட்ட கூலிக்கு ஈடு கொடுங்கள் என்பதே கோரிக்கை. தலைமைச் சங்கம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்பீல்டு நகரில் இருபதுக்கு மேற்பட்ட வடக்கத்திக் கிளப்புகள் கூடித் தனிச் சங்கம் அமைத்தன. அவர்கள் கொடுத்தது நாளொன்றுக்கு அதிகபட்சம் 6 ஷில்லிங். லட்சமா கேட்டார்கள்? இழந்த நாள் கூலியைக் கேட்டார்கள்! லீவு போட்டால் சம்பளம் வெட்டு என்பதை நன்றாகத் தெரிந்த நம் மில் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடல் தாண்டிய பித்தலாட்டம்

இங்கிலாந்தில் கூலிக்கு வழி பிறந்தது. அமெரிக்காவில் அமெச்சூர் என்ற வார்த்தை கல்லூரிக்குள் புகுந்து கோட்டை கட்டிக் கொண்டது.

அவர்கள் 'கால்பந்து' என்பது நம் கால்பந்து அல்ல. தலைக்கவசம் மாட்டிக் கொண்டு, முட்டை போன்ற பந்தைக் கையில் ஏந்தி, ஆளோடு ஆள் மோதி முன்னேறும் ஆட்டம். எலும்பு முறியும், மண்டை உடையும். ஒரு லட்சம் பேர் உட்காரும் மைதானங்கள் கல்லூரிகளுக்குச் சொந்தமாக உள்ளன. டிக்கெட் பணம், டெலிவிஷன் பணம், பனியன் விற்ற பணம் எல்லாம் கல்லூரிக்கு. பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் மிக அதிகச் சம்பளம் வாங்குபவர் கவர்னர் அல்ல, கல்லூரி அணியின் பயிற்சியாளர்! மோதி விழுகிற பையனுக்கு மட்டும் நெடுங்காலம் படிப்பும் சாப்பாடும்தான் கிடைத்தன. அதற்கு மேல் பத்துக் காசு வாங்கினால் 'முறையற்ற சலுகை' என்று தண்டித்தார்கள்.

இந்த விதியின் அரிவாள் முதலில் யார் கழுத்தில் விழுந்தது? ஜிம் தோர்ப் என்பவர் அமெரிக்கப் பழங்குடி இனத்தவர். கார்லைல் என்ற பழங்குடியினர் பள்ளியின் கால்பந்து நட்சத்திரம். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கினார். அதற்கு முன் 1909, 1910-ல் ஒரு சிறு பேஸ்பால் அணியில் சொற்பக் கூலிக்கு விளையாடினார் என்று கண்டுபிடித்து, 1913-ல் பதக்கங்களைப் பறித்தார்கள். அவர் 1953-ல் காலமானார். பதக்கங்கள் அவர் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது 1983-ல். ஒலிம்பிக் ஏட்டில் அவர் மட்டுமே வெற்றியாளர் என்று மறுபடி எழுதப்பட்டது 2022-ல்.

நஷ்ட ஈட்டை ஏமாற்ற ஒரு பெயர்

இப்போது நம் தாயின் கேள்விக்கு வருவோம். கால் போனால் யார் பொறுப்பு?

கொலராடோ மாநிலத்தில் டென்வர் பல்கலைக்கழகத்தின் ஆட்டக்காரர் ஒருவருக்குப் பயிற்சியில் அடிபட்டது. கால்பந்து ஆடும் வரையில்தான் அவருக்குக் கல்லூரியின் டென்னிஸ் மைதானத்தைப் பராமரிக்கும் வேலையும் சாப்பாடும் கிடைத்தன. ஆகவே அவர் வேலையாள்தான், நஷ்ட ஈடு கொடு என்று 1953-ல் அம்மாநில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

கல்லூரி முதலாளிகளுக்குக் குலை நடுங்கியது. என்.சி.ஏ.ஏ. என்னும் அகில அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தலைமை நிர்வாகியாக அப்போது இருந்தவர் வால்டர் பையர்ஸ். அவரும் சகாக்களும் ஒரு புதுப் பெயரைத் தயாரித்தார்கள்: 'மாணவ விளையாட்டு வீரர்'. ஆட்டக்காரன் என்று எழுதாதே, தொழிலாளி என்று நினைக்கவும் விடாதே, எங்கும் இந்தப் பெயரையே எழுது என்று பரப்பினார்கள். நஷ்ட ஈட்டு ஆபத்துக்குப் பயந்தே இந்தப் பெயர் உண்டாக்கப்பட்டது என்பதை, பதவியிலிருந்து இறங்கிய பிறகு 1995-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் பையர்ஸே ஒப்புக்கொண்டார்.

பெயர் வேலை செய்தது. 1955-ல் அதே கொலராடோவில் போர்ட் லூயிஸ் கல்லூரியின் ரே டென்னிசன் பந்தயத்தில் மண்டையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி நஷ்ட ஈடு கேட்டார். 1957-ல் அதே சுப்ரீம் கோர்ட் மறுத்தது. கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யவில்லையாம்! வேலையாள் இல்லையென்றால் விதவைக்கும் ஒன்றும் இல்லை. நான்கே வருஷத்தில் கோர்ட்டின் வாசல் எப்படிச் சாத்தப்பட்டது பாருங்கள்!

தண்டனை யாருக்கு?

1987-ல் டெக்சாஸ் மாநிலத்தின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் பெரிய ஊழல் என்று கூச்சல் எழுந்தது. ஆட்டக்காரர்களுக்கு 1985, 1986-ம் ஆண்டுகளில் ரகசியமாகச் சுமார் 61,000 டாலர் போயிருக்கிறது. என்.சி.ஏ.ஏ. அந்த அணியின் ஓராண்டு ஆட்டம் முழுவதையும் ரத்து செய்தது. கொடுத்தவர்கள் யார்? பணக்கார ஆதரவாளர்கள். தொடர்ந்து கொடுக்கட்டும் என்று சம்மதித்தவர்களில் ஒருவர் யார்? எண்ணெய்த் துரப்பண முதலாளியும், அந்தப் பல்கலைக்கழக நிர்வாகக் குழுவின் தலைவராக இருந்தவருமான பில் கிளெமென்ட்ஸ். அவர் இதை ஒப்புக்கொண்டபோது டெக்சாஸ் மாநிலத்தின் கவர்னர்! பையன்களின் ஆட்டம் பறிபோயிற்று. கவர்னரின் நாற்காலி 1991 வரை அசையவில்லை.

வாங்கியவன் மட்டும் குற்றவாளி. கொடுத்தவனும், சம்பாதித்தவனும் கனவான்கள். முறையற்ற சலுகை என்று அவர்கள் சொல்வது எதை? பையனின் உழைப்பில் பிறந்த பணத்தில் அவனிடமே திரும்பி வந்த ஒரு சிறு துளியை. முறையான சலுகை எது? மீதி அத்தனையும் மேலே போவது!

சங்கமாகக் கிளம்பினார்கள்

கடைசியில் ஆட்டக்காரர்கள் தொழிலாளியின் பாதைக்கே வந்தார்கள். 2014-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர்கள் யூனியன் வேண்டும் என்று மனுப் போட்டார்கள். பந்தயக் காலத்தில் வாரத்துக்கு 40 முதல் 50 மணி நேரம் ஆட்டத்துக்கே போகிறது என்று கண்டு, இவர்கள் வேலையாட்களே என்று தொழிலாளர் வாரியத்தின் வட்டார அதிகாரி தீர்ப்புச் சொன்னார். ஓட்டும் போட்டார்கள். ஆனால் 2015 ஆகஸ்டில் மேல் வாரியம் இதில் தலையிட மாட்டோம் என்று ஒதுங்கியது. பெட்டியில் விழுந்த ஓட்டுகள் எண்ணப்படவே இல்லை! 2024 மார்ச்சில் டார்ட்மவுத் கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் 13-க்கு 2 என்று யூனியனுக்கு ஓட்டுப் போட்டார்கள். புதிய சர்க்காரின் வாரியம் பாதகமாகத் தீர்ப்பளிக்கும் என்ற அச்சத்தில் டிசம்பர் 31 அன்று மனு வாபஸ் ஆயிற்று.

இந்த நெருக்கடியால் பணப்பெட்டி திறந்தது உண்மை. 2021 ஜூனில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். 2025 ஜூன் 6 அன்று ஒரு பெரிய சமரசத்துக்குக் கோர்ட் சம்மதம் தந்தது. பழைய, இன்றைய ஆட்டக்காரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் பாக்கி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் முதல் ஆண்டில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். நேற்று வரை மகா பாவம் என்றது இன்று மகா தர்மம்!

ஆனால் தோழர்களே, கவனியுங்கள். பணம் கொடுக்கிறார்கள், கூலி என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். கூலி என்றால் தொழிலாளி என்றாகும். தொழிலாளி என்றால் நஷ்ட ஈடு, யூனியன், பேரம் எல்லாம் வரும். பெரும் பணம் ஒரு சில நட்சத்திரங்களுக்கு. உரிமை ஒருவருக்கும் இல்லை. காசு கொடுத்தாலும் கொடுப்பார்கள், பெயரை மட்டும் கொடுக்க மாட்டார்கள்!

நம் ஊரில் இந்த வித்தை இல்லையா?

இந்தப் பெயர் வித்தையை நாம் எங்கோ பார்த்திருக்கிறோம் அல்லவா? கோவை, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஏழைப் பெண்களைச் சேர்த்தார்களே, அவர்களுக்கு என்ன பெயர்? தொழிலாளி அல்ல, 'அப்ரண்டிஸ்'. மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்றார்கள். நடுவில் விழுந்தால் கை விரித்தார்கள். கிராமம் கிராமமாக நடக்கும் ஆஷா சகோதரிகளுக்கு என்ன பெயர்? 'தொண்டர்', வாங்குவது சம்பளம் அல்ல, 'ஊக்கத் தொகை'. சோற்றுப் பொட்டலம் சுமந்து வண்டியில் பறக்கும் பையன் 'பார்ட்னராம்'! பண்ணையாளுக்குத் தீபாவளிக்கு ஒரு வேட்டி கொடுத்துவிட்டு, அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று மிராசுதார் சொன்ன அதே குரல்தான் இது. பெயரை மாற்று, கூலியை மிச்சம் பிடி!

நம் கல்லூரி விளையாட்டையும் பாருங்கள். அமெரிக்காவைப் போலக் கோடி கோடியாக டிக்கெட் பணம் இங்கே இல்லை. ஆனால் விளம்பரம் உண்டு. நாட்டின் சிறந்த விளையாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அளிக்கும் மௌலானா ஆசாத் கோப்பை 2024-ம் ஆண்டுக்கு சண்டிகர் யுனிவர்சிட்டி என்ற தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கிறது. தனியார் கல்விச் சாலைகளுக்குக் கோப்பை ஒரு மூலதனம். பையனுக்கோ சர்டிபிகேட் ஒரு வாழ்வு. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஆசையில்தான் வலிக்கும் காலோடு பையன்கள் ஓடுகிறார்கள்.

இன்னொரு பக்கம் பாருங்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் முழுநேர மாணவரே ஆடலாம். முழுநேர வேலையில் இருப்பவர் ஆடக் கூடாது என்பது விதி. நம் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் தபால் வழியில் படிக்கிறவர்கள் ஏராளம். பகலில் மில்லில் ஷிப்டு பார்த்து, இரவில் பாடம் படிக்கிற தொழிலாளியின் மகன் அந்தப் பட்டம் வாங்கலாம், அதன் பனியனை மாட்டிப் பந்தாட முடியாது. 1879-ல் ஹென்லியில் எழுதியது வேறு மொழியில் இங்கே நிற்கவில்லையா?

படிக்காத கூலிப்படையை இறக்கிக் கோப்பையைத் தட்டிக் கொண்டு போவதைத் தடுக்கவே இந்த விதி என்பார்கள். தடுக்கட்டும். ஆள்மாறாட்டமும் பொய் வயதுச் சர்டிபிகேட்டும் நமக்கும் விரோதிதான். ஆனால் அதைத் தடுப்பதற்கு, வேலை செய்து கொண்டே படிப்பவனைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை.

காசு வந்தால் ஆட்டத்தின் தூய்மை கெடும் என்று சிலர் சொல்வார்கள். ரயில்வேயும் பாங்குகளும் ஆட்டக்காரனுக்கு உத்தியோகம் கொடுத்த காலத்தில் ஆட்டம் கெட்டதா? பந்தாடும் கால் ஓய்ந்த பிறகும் அவனுக்கு மாதச் சம்பளம் இருந்தது, பென்ஷன் இருந்தது. சோவியத் நாட்டிலும் ஆட்டக்காரர்களைச் சேனையிலும் ஆலையிலும் வேலைக்கு வைத்துக் கொண்டு 'அமெச்சூர்' என்றே பதிந்தார்கள் என்று நம்மைக் குத்திக் காட்டுவார்கள். உண்மைதான், அந்தப் பெயர் அங்கும் பொய்தான். ஆனால் அங்கே பெயர் பொய்யாக இருந்தாலும் சோறு மெய்யாக இருந்தது. இங்கே பெயரும் பொய், சோறும் பொய்!

நாம் கேட்பது என்ன?

பையன்களை ஏலத்தில் விட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. விளையாட்டு மக்களின் சொத்து. உழைத்துக் களைத்த உடலுக்கு அது உற்சாகம். நாம் கேட்பது மிகச் சாதாரணமான நியாயம்.

விளையாட்டுக்காகச் சேர்க்கும் ஒவ்வொரு மாணவனுக்கும் என்ன சலுகை, எத்தனை வருஷத்துக்கு என்று கல்லூரி எழுத்தில் கொடுக்க வேண்டும். கல்லூரிக்காக ஆடும்போது அடிபட்டால் முழு வைத்தியச் செலவும் கல்லூரியுடையது. அங்கஹீனம் ஏற்பட்டால் நஷ்ட ஈடு வேண்டும். காயம் பட்டதற்காகச் சலுகையைப் பறிக்கக் கூடாது. பட்டம் வாங்கும் வரை படிக்க வைக்க வேண்டும். வேலை செய்து கொண்டு படிப்பவனுக்கும், தபால் வழியில் படிப்பவனுக்கும் அணியில் இடம் வேண்டும். இதையெல்லாம் சர்க்கார் உத்தரவாகப் போட வேண்டும். கல்லூரியின் தயவுக்கு விடக் கூடாது.

இந்த நாட்டில் ஆலையில் கை போனவனுக்கு நஷ்ட ஈடு உண்டு என்று 1923-லேயே சட்டம் வந்தது. மைதானத்தில் கால் போனவனுக்கு இத்தனை வருஷம் கழித்தும் அனுதாபம்தான் வருகிறது!

அந்தத் தாயோடு நம் சங்கத் தோழர்கள் மறுபடியும் கல்லூரிக்குப் போக இருக்கிறார்கள். மாணவத் தோழர்களும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மில் வாசலிலும் களத்து மேட்டிலும் இதைப் படிக்கிறவர்கள் தங்கள் ஊரில் இப்படி அடிபட்டு வீட்டில் கிடக்கும் பிள்ளைகள் இருந்தால் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். தனித் தனியாகப் போனால் அனுதாபம் கிடைக்கும், சேர்ந்து போனால் பதில் கிடைக்கும்.

ஜெயித்த கோப்பை கல்லூரியுடையதானால், முறிந்த காலும் கல்லூரியுடையதே!